வேர் கீழே, குருத்து மேலே



கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் வாழும் நாங்கள், ‘கீழே’ என்னும் சொல்லின் பொருளைப் பிற ஊராரைவிடச் சற்று ஆழமாகவே அறிந்தவர்கள் எனலாம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையை மேற்கொண்டனர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து எங்கள் முன்னோர் கூட்டங்கூட்டமாக வந்து இம்மண்ணில் குடியேறினர். அவர்களுடைய வாழ்வெல்லாம் கீழே இறங்குவதும் மேலே ஏறுவதுமாகவே கழிந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அவ்வளவு ஆழத்துக்கு இறங்க அவர்களுக்கு இயந்திரமும் இரும்புக் கயிறும் கூண்டும் வேண்டியிருந்தன. ஆனால் ஒரு பிடி பயற்றை ஈர மண்ணில் தூவினால், அவற்றுள் ஒவ்வொன்றும் யாருடைய உதவியுமின்றித் தன் வேரைக் கீழேயும் குருத்தை மேலேயும் செலுத்திவிடுகிறது. கண்ணும் காதுமில்லாத விதைக்குக் கீழ் எது, மேல் எது என்று எவ்வாறு தெரிகிறது? இந்த வினாவையே இன்று நாம் ஆராய்வோம்.

உழவர் எவரும் விதையின் முகம் பார்த்து விதைப்பதில்லை. கேழ்வரகைக் கையால் வீசி விதைக்கும்போது ஒரு விதை குப்புற விழும். ஒன்று மல்லாந்து விழும். மற்றொன்று பக்கவாட்டில் கிடக்கும். ஆயினும் சில நாட்களில் வயல் முழுவதும் பச்சைக் குருத்துகள் வானை நோக்கி நிற்பதைக் காண்கிறோம். தலைகீழாக விழுந்த விதையிலும் முளைவேர் முதலில் மேல்நோக்கித் தலைகாட்டி, பிறகு வளைந்து கீழே திரும்பிவிடுகிறது. இந்தத் தன்மை இல்லாதிருந்தால் ஒவ்வொரு விதையையும் திருத்தி நட வேண்டியிருக்கும், வேளாண்மையே நடவாது. தாவர நூலார் இதனைப் புவிநாட்டம் என்பர்.

குருத்து மேலே செல்வது வெளிச்சத்தை நாடித்தானே என்று சிலர் கேட்கலாம். வெளிச்சத்துக்கும் அதில் பங்குண்டு என்பது மெய். சன்னலோரத்தில் வைத்த செடி ஒளி வரும் பக்கமாகச் சாய்வதை யாவரும் அறிவோம். ஆனால் நம் வீட்டுத் திருமணங்களில் வைக்கும் பாலிகையையும், அம்மன் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரியையும் எண்ணிப் பாருங்கள். முளைப்பாரியை இருட்டறையில் வைத்தே வளர்ப்பது வழக்கம். வெயில் படாத காரணத்தால் முளைகள் வெளுத்து, மஞ்சள் நிறமாக, மெலிந்து நீள்கின்றன. ஆயினும் அவை நேர் மேலாகவே நீள்கின்றன. ஓர் ஒளிக்கீற்றும் இல்லாத அறையில் மேல் திசையை அவற்றுக்குக் காட்டியது எது? வெளிச்சம் அன்று என்பது மட்டும் தெளிவு.

வேர் கீழே செல்வது ஈரத்தைத் தேடித்தான் என்பது அடுத்த விடை. இதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஈரம் ஒரு பக்கம் மிகுந்து, மறுபக்கம் வறண்டிருந்தால் வேர் ஈரத்தின் பக்கம் திரும்பக் கூடியதே. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஈரம் நிறைந்த இடத்திலும் வேர் தவறாமல் கீழ்நோக்கியே செல்கிறது.

இனி மலைச்சரிவில் நிற்கும் மரங்களைக் கவனியுங்கள். எங்கள் ஊரைச் சுற்றிலும் சயனைடு மேடுகள் என்று நாங்கள் அழைக்கும் மண்குன்றுகள் உள்ளன. பாறையை அரைத்துத் தங்கம் பிரித்தபின் எஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி உண்டானவை அவை. இத்தகைய மேட்டின் சரிவிலோ, இயற்கையான குன்றின் சரிவிலோ முளைத்த செடி, தான் நிற்கும் தரைக்குச் செங்குத்தாகச் சாய்ந்து வளர்வதில்லை. கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டின் நூலைப் போல, பூமியின் மையத்தை நோக்கிய கோட்டிலேயே நிமிர்ந்து வளர்கிறது. தரையின் சாய்வு அதனை ஏமாற்றுவதில்லை. ஆகவே தாவரம் அறிவது தரையை அன்று. புவியின் ஈர்ப்பை என்று கொள்வதற்கு இடமுண்டாகிறது.

ஆனால் இதனை ஐயமற நிறுவுவது எங்ஙனம்? ஒளியே காரணமா என்றறிய ஒளியை மறைக்கலாம். ஈரமா என்றறிய ஈரத்தை விலக்கலாம். ஈர்ப்பை மறைக்கும் திரை உலகில் இல்லை. இதற்கும் எங்கள் சுரங்கமே ஓர் எடுத்துக்காட்டு. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இடையூறு இல்லாத இடத்தைத் தேடி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இங்கிலாந்து, ஜப்பான் நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை 1965-இல் அங்கே கண்டனர். மேலே இருந்த அத்தனை பாறையும் காஸ்மிக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஈர்ப்பை மட்டும் தடுக்கவில்லை. வெப்பம் தாங்கக்கூடிய ஆழத்தில், காற்றும் ஈரமும் கிடைக்குமானால், அந்தக் காரிருளிலும் ஒரு பயறு தன் வேரைக் கீழேதான் செலுத்தும்.

மறைக்க முடியாத ஒன்றைக் குழப்பிவிடலாம் என்று கண்டவர், இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர். தம் தோட்டத்தின் வழியே ஓடிய ஓடையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழலச் செய்து, அதன் விளிம்பில் அவரை இன விதைகளைக் கட்டி வைத்தார். நிமிர்ந்து நின்று சுழலும் சக்கரத்தில் விதைக்குக் கீழ்த்திசை கணத்துக்குக் கணம் மாறுகிறது. ஆதலால் ஈர்ப்பு ஒரே பக்கமாக வேலை செய்ய இயலாது. அதற்கு மாறாக, சுழற்சியால் வெளிப்புறம் தள்ளும் விசை ஒன்று இடைவிடாமல் இருக்கும். நிமிடத்துக்கு 150 சுற்றுக்கு மேற்பட்ட வேகத்தில் முளைத்த அவ்விதைகளின் வேர்கள் எல்லாம் சக்கரத்தின் வெளிப்புறம் நோக்கியும், குருத்துகள் எல்லாம் நடுவை நோக்கியும் வளர்ந்தன. வேருக்கு ‘கீழ்’ என்பது தன் மீது விசை இழுக்கும் பக்கம், அவ்வளவே. 1806-இல் நைட் இதனை வெளியிட்டார்.

அடுத்த வினா, தாவரத்தின் எந்த உறுப்பு இதனை உணர்கிறது என்பது. ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வேலையை மேற்கொண்ட அதே 1880-ஆம் ஆண்டில், சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸின் துணையோடு தாவரங்களின் இயக்கம் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். முளைவேரின் நுனியில் மிகச் சிறு பகுதியை வெட்டிவிட்டு, அதனைப் படுக்கையாக வைத்தால் வேர் வளர்கிறது. ஆனால் கீழே வளைவதில்லை. மாறாக, வேரை ஒன்றரை மணி நேரம் படுக்கையாக வைத்து, அதன்பின் நுனியை வெட்டினாலும் அது வளைந்துவிடுகிறது. ஆகவே உணர்வது நுனி. வளைவது அதற்குச் சற்றுப் பின்னுள்ள பகுதி. வெட்டுண்பதற்கு முன்பே நுனி தன் செய்தியை அனுப்பிவிட்டது என்றாகிறது. வேர்நுனியின் செயலைக் கீழ்நிலை உயிர்களின் மூளைக்கு ஒப்பாகக் கூறி டார்வின் வியந்தார்.

நுனியில் இருப்பது என்ன? வேரின் முனையை ஒரு சிறு தொப்பி போல் மூடியிருக்கும் பகுதிக்கு வேர்மூடி என்று பெயர். அதன் நடுவிலுள்ள உயிரணுக்களில் மாவுப்பொருளாலான கனத்த மணிகள் உள்ளன. கூழில் போட்ட கற்களைப் போல் அவை உயிரணுவின் அடியில் போய்த் தங்குகின்றன. வேரைப் படுக்க வைத்தால், மணிகள் சில நிமிடங்களில் உருண்டு புதிய அடிப்பக்கத்தில் படிகின்றன. இந்த மணிகளே தாவரத்தின் தூக்குக்குண்டு என்ற கருத்தை 1900-இல் ஹேபர்லாண்ட், நெமெக் என்ற இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். தண்டிலும் இத்தகைய மணிகளையுடைய ஓர் உறை உண்டு. மாவுமணி இல்லாத செடிவகைகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அவை மிக மந்தமாகவே வளைந்தன; முற்றிலும் வளையாமல் போகவில்லை. ஆகவே மணிகளே முதன்மையான கருவி என்பதும், வேறு துணைகளும் இருக்கலாம் என்பதும் புலனாயின.

இந்தத் துறையில் நம் நாட்டவர் ஒருவர் செய்த தொண்டும் பெரிது. 1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், நுண்ணிய மின்முனை ஒன்றைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தி, செடியைச் சாய்த்தபோது எந்த அடுக்கில் மின்மாறுதல் மிகுதியாகத் தோன்றுகிறது என்று அளந்தார். மாவுமணிகள் உள்ள உறையிலேயே அது மிகுந்திருக்கக் கண்டார். அவர் ஆராய்ந்த பரீத்பூர் ஈச்சமரத்தின் கதையும் சுவையானது. சாய்ந்து நின்ற அம்மரம் மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் தலை தாழ்த்துவதும், காலையில் தலை நிமிர்வதுமாக இருந்ததால், மக்கள் அதனைத் தெய்வத்தன்மை உடையதென வணங்கினர். போஸ் தம் கருவியைப் பொருத்தி இரவும் பகலும் குறித்துப் பார்த்தார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்ந்தது. குறையக் குறைய எழுந்தது. ஈர்ப்புக்கு எதிராக நிமிர முயலும் தன்மையும் வெப்பத்தின் செயலும் அம்மரத்தில் போராடின என்று அவர் விளக்கம் தந்தார்.

உணர்ந்த செய்தி வளைவாக மாறுவது எவ்வாறு? ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கிப்பொருள் இதற்குக் காரணம் என்பதை 1920-களில் உக்ரைன் நாட்டில் கொலோட்னியும் ஆலந்து நாட்டில் வென்ட்டும் தனித்தனியே கூறினர். செடி சாய்ந்தவுடன் அடிப்பக்கத்தில் ஆக்சின் மிகுதியாகச் சேருகிறது. தண்டில் அது வளர்ச்சியைத் தூண்டும். ஆகவே அடிப்பக்கம் விரைந்து நீள, தண்டு மேலே வளைகிறது. வேரிலோ அதே அளவு ஆக்சின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே அடிப்பக்கம் பின்தங்க, மேற்பக்கம் நீள, வேர் கீழே வளைகிறது. ஒரே பொருள், இரண்டு உறுப்புகளில் இரண்டு விளைவு. மணிகள் உருள்வதற்கும் ஆக்சின் திரும்புவதற்கும் இடையிலிருந்த இணைப்பு நெடுங்காலம் புலப்படவில்லை. நெல்லில் தண்டு நிமிராமல் தரையில் படரும் வகை ஒன்றுண்டு. அதற்குக் காரணமான மரபணுவுக்குச் ‘சோம்பேறி’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் மாவுமணிகளின் மேல் ஒட்டியிருந்து, மணி படியும் பக்கத்துச் சவ்வுக்கு மாறி, ஆக்சினின் வழியைத் திருப்புகின்றன என்பது 2023-இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெரிய வந்தது.

இதன் பயனை உழவர் நேரில் காண்கின்றனர். புயலிலும் மழையிலும் சாய்ந்த நெற்பயிரோ கேழ்வரகோ சில நாட்களில் தலை தூக்குவது உண்டு. உற்றுப் பார்த்தால் தண்டு முழுவதும் நிமிர்ந்திருக்காது. கணுக்களில் மட்டும் வளைந்து, அங்கிருந்து மேலே எழுந்திருக்கும். கணுவைச் சுற்றியுள்ள பருத்த பகுதியில் கீழ்ப்பக்கத்து உயிரணுக்கள் நீண்டு தண்டைத் தூக்குகின்றன. இத்திறன் இளங்கணுவுக்கு உண்டு. முற்றிய கணுவுக்கு இல்லை. அதனால்தான் இளம்பருவத்தில் சாய்ந்த பயிர் பிழைக்கிறது. அறுவடையை நெருங்கிச் சாய்ந்தது கிடந்தபடியே கிடக்கிறது. தென்னையிலும் இதனைக் காணலாம். இளமையில் சாய்ந்து பின் நிமிர்ந்த மரத்தில் உச்சி நேராக இருக்கும்; அடிமரத்தின் வளைவு அதன் ஆயுள் முழுவதும் மாறாது.

வேர் என்றால் கீழே, தண்டு என்றால் மேலே என்று முடித்துவிடவும் இயலாது. பக்கவேர்கள் சாய்வாகப் படர்கின்றன. பிச்சாவரத்துச் சதுப்பில் கண்டல் இன மரங்கள் சில, மூச்சுவிடும் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகின்றன. எங்கள் முன்னோர் விட்டுவந்த வட ஆர்க்காட்டு நிலக்கடலையோ இதற்கு நேர்மாறு. பூ தரைக்கு மேலே மலர்கிறது. கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது ஒன்று தோன்றி, புவியை நோக்கி இறங்கி, மண்ணுக்குள் புகுந்து காயாகிறது. விழுது மண்ணை எட்டாவிட்டால் காய் இல்லை. விதைத்த 40–45-ஆம் நாளில் உழவர் செடிக்கு மண் அணைப்பதன் காரணம் இதுவே.

இவ்வாராய்ச்சி வறண்ட நிலத்தார்க்கு ஒரு நம்பிக்கையையும் தருகிறது. கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் நீர் கிடைக்காத கிணறுகள் பல. பயிரின் வேர் மேலாகப் படர்ந்தால், மேல்மண் காய்ந்தவுடன் பயிர் வாடும். செங்குத்தாக இறங்கினால் அடிமண்ணின் ஈரத்தை எட்டும். ஐ.ஆர்.64 என்னும் பெயர்பெற்ற நெல்லின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டு மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து, வேரின் சாய்வை நிர்ணயிக்கும் மரபணுவை ஜப்பானிய அறிஞர்கள் கண்டு, கலப்பினால் அதனுள் சேர்த்தனர். அவ்வாறு உருவான பயிர் ஆழ வேரூன்றி, வறட்சியில் கூடுதல் விளைச்சல் தந்ததை 2013-இல் வெளியிட்டனர். வேர் ஈர்ப்பை உணரும் திறம் ஓர் ஊரின் சோற்றையே நிர்ணயிக்கக் கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

நைட் சக்கரத்தால் குழப்பிய ஈர்ப்பை, இன்று விண்கலத்தில் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடலாம். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2024 டிசம்பர் 30-ஆம் நாள் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 8 காராமணி விதைகளை நம் விஞ்ஞானிகள் அனுப்பினர். அவை நான்கு நாளில் முளைத்து, பின் இலையும் விட்டன. 2025-இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்சு சுக்லா, பச்சைப்பயற்றையும் வெந்தயத்தையும் அங்கே முளைக்க வைத்தார். முளைப்பதற்கு ஈர்ப்பு வேண்டுவதில்லை; திசை அறிவதற்கே அது வேண்டும். எடையற்ற இடத்தில் வேர் வழி தெரியாமல் பல பக்கமும் திரும்புவதை முந்தைய விண்வெளி ஆய்வுகளும் காட்டியுள்ளன.

நேயர்களே! 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. கீழே இறங்குவது ஒன்றையே தொழிலாகக் கற்ற பெரியவர்கள் பலருக்கு வேறு தொழிலுக்குத் திரும்ப வயது இடம் தரவில்லை. அவர்களுடைய பிள்ளைகளோ மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவு வீடு திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர். சாய்ந்த பயிரில் முற்றிய கணு அசையாமல் கிடந்து தாங்க, இளங்கணு வளைந்து எழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த வீடுகளின் நினைவு வருகிறது. செடிக்கு மனமில்லை, அது முயற்சி செய்வதாக நாம் சொல்வது உபசார வழக்கே. ஆனாலும் கிடக்கும் கணுவைக் குறை கூறுவதற்கில்லை என்பதையும், எழும் கணுவுக்கு அதுவே ஊன்றுகோல் என்பதையும் பயிரிடம் கற்கலாம்.

மும்பையிலோ தில்லியிலோ, மண் இல்லாத மாடிக்குடியிருப்பில் வாழும் தமிழன்பர்களும் தங்கள் குழந்தைகளுக்கு இதனைக் காட்ட இயலும். ஒரு கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் மை ஒற்றும் தாளைச் சுருட்டி வைத்து நனையுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே, முதல் நாள் ஊறவைத்த நான்கு அவரை விதைகளை நான்கு விதமாகச் செருகுங்கள். தாள் காயாமல் சிறிது நீர் தெளித்து, அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். வேர் ஓர் அங்குலம் நீண்டதும் மிகுந்த நீரை வடித்துவிட்டுத் தம்ளரைப் படுக்க வையுங்கள். மறுநாள் காலை குழந்தையை அழைத்து, அலமாரியைத் திறந்து, வேர்நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அதனையே சொல்லச் செய்யுங்கள். பிறகு தம்ளரை மீண்டும் நிமிர்த்தி வைத்து, அதற்கு மறுநாளும் பாருங்கள். வேர் மறுபடியும் கீழே திரும்பியிருக்கும். ஆனால் முதலில் வளைந்த வளைவு அப்படியே இருக்கும். இரண்டையும் ஒருங்கே பார்த்த குழந்தைக்கு நாம் இதுவரை கூறிய அனைத்தும் விளங்கிவிடும்.